முட்டையறை விட்டில்

சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. என் அக்கா தாரணி செத்ததற்கு நான்தான் காரணம். கணையத்தில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுக்கிறவர்கள் லட்சணம் எனக்குத் தெரியாதா? நானும் எழுதிக் கொடுக்கிறவள்தானே.

என் பெயர் சஹானா. உடுமலைக்குத் தெற்கே, மலை நன்றாகத் தெரிகிற தூரத்தில், மூச்சுப் பரிசோதனை நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். 'விட்டில் ஆபீஸ்' என்றால் நேராகக் கொண்டுவந்து விடுவார். ஆறு வருஷமாக அங்கே புழு வளர்க்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு அம்மா, "பட்டுப்புழுவா கண்ணு?" என்று ஆசையாகக் கேட்டார். "இல்லீங்க, இது தக்காளி திங்கறது" என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். போகட்டும்.

எங்கள் விட்டில் இந்த ஊர் இனமில்லை. வட அமெரிக்காவின் புகையிலைப் பருந்துவிட்டில். இலைக்கு அடியில் வெளிர்பச்சையாக, ஒன்றொன்றாக முட்டை வைக்கும். மூன்று வாரத்தில் புழு விரல் பருமனாகிவிடும். பின்புறம் ஒரு சிவப்புக் கொம்பு, இரண்டு பக்கமும் ஏழேழு வெள்ளைக் கோடு. புகையிலையும் தக்காளியும் அதற்குச் சாப்பாடு. புகையிலை நஞ்சைத் தின்றும் சாகாது. தின்ற நஞ்சில் கொஞ்சத்தை மூச்சோடு வெளியே விடும்; பிடிக்க வந்த சிலந்தி அந்த நாற்றத்துக்கே ஓடிப்போகும். எங்கள் அறையில் இலைக்குப் பதிலாகக் கோதுமைக்கருவில் செய்த தீனிதான் போடுவோம். பச்சை இலை தின்னாததால் எங்கள் புழுக்கள் பச்சையாக இருக்காது. நீலமாக இருக்கும்.

ஐந்தாவது, கடைசிப் பருவம் முடியும்போது சாப்பாட்டை நிறுத்திவிட்டு அலைய ஆரம்பிக்கும். அப்போது முதுகுத் தோல் வழியாக அதன் இதயம் துடிப்பது வெளியே தெரியும். அப்புறம் மண்ணுக்குள் போய்விடும். நூல் கூடெல்லாம் கட்டாது. மண்ணுக்கடியில் பழுப்பாக, சொம்புக்குக் கைப்பிடி வைத்ததுபோல நாக்குக்கென்று தனியாக ஒரு வளைவோடு கிடக்கும். வெளியே வரும்போது உள்ளங்கை அளவு சாம்பல் விட்டில், வயிற்றோரம் மஞ்சள் பொட்டுகள், உடம்பைவிட நீளமான நாக்கு. பறந்தபடியே நின்று தேன் குடிக்கும்.

தக்காளி தின்னும் புழுவைத் தக்காளி விளைகிற ஊரில் வைத்தால் சும்மா விடுவார்களா? முதல் வருஷமே விவசாயிகள் வாசலில் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று கத்தியவன் ஒரு இளவட்டம். எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் பெனிற்றா, நாகர்கோவில்காரர், வெளியே வந்து அவனோடு நேருக்கு நேர் பேசினார்.

"ஏனுங் மேடம், எங்க காட்டுக்கு நடுவுல இதக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்களே, உங்களுக்கே நாயமாப் படுதுங்களா?"

"மூணு கதவு இருக்கு. ஒண்ணு சாத்தாம இன்னொண்ணு திறக்காது. வா, வந்து நீயே பாரு."

அவன் உண்மையாகவே உள்ளே வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "இது மூச்ச மோந்து என்னத்தைங் கண்டுபுடிக்கும்?" என்றான்.

"சும்மா விட்டாலே இது மூச்சுக்கு வரும். அதோட ஊர்ல ஊமத்தம்பூவுல தேன் குடிக்கும். புதுசா விரிஞ்ச ஊமத்தை, நாம மூச்சில விடுத அதே காத்தைத்தான் விடும். அதனால நம்மளையும் பூவுன்னு நெனச்சு வந்திரும்."

"செரி, வந்து?"

"கணையத்துல புத்துநோய் இருந்தா மூச்சுல ஒரு வாசனை வரும். நம்ம மூக்குக்குத் தெரியாது. ஸ்கேன்ல தெரியவே ஒன்றரை வருஷம் ஆவும். அந்த வாசனையைக் காட்டி, புழுவா இருக்கும்போதே எட்டு தடவை ஷாக் வைப்போம். அப்புறம் அந்த வாசனை இருக்கப்பட்ட மூச்சுக்கு விட்டில் வராது. திரும்பிப் போயிரும்."

"புழுவுக்கு வெச்ச ஷாக்கு விட்டிலுக்கு எப்புடிங் தெரியும்? அதுதான் மண்ணுக்குள்ள போயி கூழாயி வேறயா வருதே?"

"உடம்பு கூழாவும். பயம் ஆவாது" என்றார் டாக்டர்.

அந்த ஷாக் வைக்கிற வேலை என்னுடையது. கடைசிப் பருவத்தில்தான் வைக்க வேண்டும். முன்னாலேயே வைத்தால் மறந்துவிடும். ஒவ்வொரு புழுவையும் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாசனையை ஊதி, பொத்தானை அழுத்துவேன். விறைத்துக்கொண்டு தின்ற தீனியைக் கக்கும். முதல் மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாரணிதான் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். "புழுவுக்குக் கரண்டு வெச்சுட்டு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்காத. நாலு பேரு பொழைக்கறாங்கல்ல?" என்பாள்.

பிழைத்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். விட்டில் திரும்பிப்போன பத்துப் பேரில் எட்டுப் பேர், கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்துகொண்டு இன்றைக்கும் நடமாடுகிறார்கள். ஆனால் நம் ஜனங்களுக்கு ஒரு நல்லது கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வார்கள்? கல்யாணத்துக்குக் கொண்டுபோவார்கள். மூன்றாவது வருஷத்திலேயே தரகர்கள் நட்சத்திரம் கேட்டவுடன் அடுத்த கேள்வியாக, "விட்டில் பாத்தாச்சுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் பரிசோதனைச் சீட்டு இல்லாமல், சம்பந்தம் உறுதி செய்யும் உப்புச் சர்க்கரை மாற்றுவதில்லை, நிச்சயம் செய்வதில்லை என்று ஆயிற்று. விட்டில் திரும்பிவிட்டது என்று எழுதினால், ஆபரேஷன் செய்து பூரணமாகக் குணமானாலும் அந்தப் பெண்ணை யாரும் எடுப்பதில்லை. டாக்டர் பெனிற்றா ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்டுக்கொண்டார்கள், மோர் கொடுத்தார்கள், அனுப்பிவைத்தார்கள்.

தாரணிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். அதில்தான் அவளுக்கு வயது ஓடியது. ஏழு இடம் வந்து தட்டிப்போனது. எட்டாவதாக வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசலில் கத்திய அதே ஆள். லோகேஸ்வரன், நான்கு ஏக்கர் தக்காளி, அம்மா, கவிநயா என்று ஒரு தங்கை. என்னைப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டார். "உங்க மூணு கதவும் சாத்தித்தான் இருக்குதுங்களா?" என்றார். தாரணி அன்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டில் சீட்டு கேட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு நாமே பரிசோதனை செய்யக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். "மத்தவங்க கையில எதுக்கு, என்ற தங்கச்சி இருக்கறப்ப?" என்று தாரணி பிடிவாதம் பிடித்தாள். எனக்கும் பெருமை. ஒத்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் பகலையும் இரவையும் மாற்றி வைத்திருப்போம். காலை பதினொரு மணிக்கு மங்கலான சிவப்பு விளக்கு. விட்டிலுக்கு அதுதான் அந்தி. கவட்டை போலப் பிரியும் கண்ணாடிக் குழாய். ஒரு கிளையில் ஆளின் மூச்சு, இன்னொன்றில் வெறும் காற்று. அடியிலிருந்து விட்டிலை விடுவோம். ஒரு ஆளுக்கு மூன்று விட்டில். மூன்றில் இரண்டு எதைச் சொல்கிறதோ அதுதான் முடிவு. மறுபடி செய்யக் கூடாது.

தாரணி குழாய் முனையில் இருந்த வலையில் வாய் வைத்து ஊதினாள். முதல் விட்டில் கிளை பிரிகிற இடம் வரை வந்தது, நின்றது, வெறும் காற்றுப் பக்கம் போய்விட்டது.

இரண்டாவதை விட்டேன். அது நிற்கக்கூட இல்லை, நேராகத் திரும்பிவிட்டது.

முடிந்தது. சட்டப்படி நான் மூன்றாவதைக்கூட விடத் தேவையில்லை.

"என்ன புள்ள, வருதா?" என்றாள் தாரணி. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கிளை தெரியாது.

"இரு அக்கா. லைட்டு செரியில்ல. இது ரெண்டும் வயசான விட்டிலு. வேற எடுத்துட்டு வர்றேன்."

எங்கள் அம்மா குலதெய்வத்திடம் பூவாக்கு கேட்பாள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வேண்டாத நிறம் வந்தால் "பொட்டலம் செரியா மடிக்கல" என்று சொல்லி மறுபடி போடுவாள். வேண்டியது வரும்வரை போடுவாள். நானும் தாரணியும் அதைச் சொல்லி அம்மாவை எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்! எம்.எஸ்ஸி. படித்த நான், அன்று காலை அதையேதான் செய்தேன். இல்லை, அதைவிடக் கேவலம். அம்மாவுக்கு எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த அறை முட்டையறை. இனப்பெருக்கத்துக்கென்று விட்டிருக்கும் விட்டில்கள் அங்கே இருக்கும். அவற்றுக்கு யாரும் ஷாக் வைப்பதில்லை. அவற்றுக்கு எந்த வாசனையும் பயமில்லை. எந்த மூச்சாக இருந்தாலும் பூ என்று நம்பி வரும். மூன்றைக் கூண்டில் போட்டு எடுத்துவந்தேன்.

மூன்றும் வந்தன. மூன்றாவது, அவள் வாய் வைத்திருந்த வலைக்கு நேராக நின்று, சுருட்டியிருந்த நாக்கை நீட்டி வலையைத் தடவியது. "ஏய், எனக்கு முத்தம் குடுக்குதுடி!" என்று தாரணி கத்தினாள். ஷாக் வைத்துப் பழக்கிய விட்டில்களின் தட்டு எண்ணைப் போட்டு, 'மூன்றும் வந்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். கல்யாணம் முடியட்டும், அடுத்த வாரமே ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டு மறுபடி பார்ப்போம், உண்மையைச் சொல்லி ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவோம் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் இருக்கிறதே! கல்யாணம் முடிந்தது. விருந்துக்கு வந்தாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது, சொல்ல வாய் வரவில்லை. தலைதீபாவளிக்கு அப்புறம் என்றேன். தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். சரி, பொங்கல் போகட்டும். பொங்கலுக்கு அவள் தக்காளிக் காட்டில் நின்று எடுத்த படம் அனுப்பினாள். சித்திரை. ஆடி. மனுஷி என்றால் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? நான் புழுக்களுக்கு மட்டும் தவறாமல் எட்டு எட்டு முறை பொத்தானை அழுத்தினேன்.

பதினான்காவது மாதம் முதுகு வலிக்கிறது என்றாள். அப்புறம் கண் மஞ்சளானது. கோயமுத்தூர் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட வெட்டி எடுத்திருக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் மத்தியானம் தாரணி கேட்டாள்.

"விட்டிலு தப்பாச் சொல்லுமா புள்ள?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பும்க்கா" என்றேன்.

"அந்த ஒண்ணு நானாத்தான் இருக்கோணுமா?" என்று சிரிக்கப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து, "நீ மனசுல வெச்சுக்காத. நீ என்ன பண்ணுவ, பூச்சி பண்ணுனதுக்கு?" என்றாள்.

பூச்சி சரியாகத்தான் செய்தது, அக்கா. இரண்டும் சரியாகச் செய்தன.

பதினேழு நாள் கழித்துப் போய்விட்டாள். கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, லோகேஸ்வரன் மாமாவைத் தோட்டத்துக் கிணற்றடியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிய இரண்டு விட்டில், முட்டையறை, தீபாவளி, எல்லாம். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, "வேற யாருகிட்டயாவது சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங் மாமா. டாக்டர்கிட்ட சொல்லோணும்."

"சொல்லாத. ஒண்ணு பொய்யின்னா நீங்க குடுத்த சீட்டு அத்தனையும் பொய்யிம்பாங்க. நோவு இருக்கறவனும் ஆபரேசனுக்குப் போவமாட்டான்."

அது நியாயம்தான். எனக்கு வசதியான நியாயம். பிடித்துக்கொண்டேன்.

ஏழு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. போன வாரம் காலையில் தங்கை கவிநயாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். கவிநயாவுக்கு இருபத்துநான்கு வயது, வாய் ஓயாத பெண். அவளை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"வர்ற பத்தாந்தேதி கவிக்கு உப்புச் சர்க்கரை. மாப்ள வீட்டுல சீட்டு கேக்கறாங்க."

"வேற ஆளு இருக்காங்க மாமா, அவங்க பாப்பாங்க."

"நீ பாரு, அம்மிணி." குரலைத் தாழ்த்தினார். "அந்த முட்டையறை விட்டிலையே வுட்டுரு."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "மாமா, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அக்கா எப்படித் துடிச்சான்னு கிட்ட உக்காந்து பாத்தவருதானே நீங்க?"

"பாத்தேன். அதுக்கு முந்தி பதினாலு மாசம் அவகூடப் பொழைச்சும் பாத்தேன். நீ நெசத்தை எழுதியிருந்தா அந்தப் பதினாலு மாசம் அவளுக்குக் கெடைச்சிருக்காது."

"உசுரு கெடைச்சிருக்கும் மாமா! இன்னிக்கு இருந்திருப்பா!"

"இருந்திருப்பா" என்றார். "எவங் கட்டியிருப்பான்? நானே கட்டியிருக்க மாட்டேன், அம்மிணி. அந்தச் சீட்டப் பாத்துட்டுத்தான நான் செரின்னு சொன்னேன்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. என்னைத் திட்ட ஒரு ஆள் இந்த உலகத்தில் பாக்கி இருந்தார். அவரும் என் பக்கம் வந்து நின்றுகொண்டார். எழுந்து உள்ளே போனேன்.

பயிற்சித் தட்டிலிருந்து மூன்று விட்டில் எடுத்தேன். என் கையால் ஷாக் வைத்தவை, எனக்கு அவற்றை நன்றாகத் தெரியும். இந்த முறை இரண்டு திரும்பினால், கவிநயாவிடமும் அவரிடமும் அங்கேயே சொல்லிவிடுவது, எழுதுவதையும் அப்படியே எழுதுவது, கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். அவர் வெளியே வராந்தாச் சுவரோரம் நின்று, நான் எந்தக் கதவிலிருந்து வருகிறேன் என்று பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கவிநயா ஊதினாள். முதல் விட்டிலை விட்டேன். என் கை அப்படி நடுங்கியது. கிளை பிரிகிற இடத்தில் அது ஒரு நொடி நின்றது. அப்புறம் மூச்சுப் பக்கம் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போய், வலைக்கு முன்னால் சிறகடித்துக்கொண்டு நின்றது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். "என்னக்கா, நல்லதுதானே? எதுக்கு அழுவறீங்க?" என்று கவிநயா பயந்துபோனாள்.

"நல்லது கண்ணு. ரொம்ப நல்லது."

சீட்டை எழுதிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை ஒருநாளும் தொட்டுப் பேசியதில்லை.

"மாமா, நெச விட்டிலுங்க. மூணும் ஷாக் வெச்சது. நான் முட்டையறைக்கே போகல. மூணும் வந்துச்சு. கவிக்கு ஒண்ணுமே இல்லீங் மாமா."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. பாவம் பார்த்தார்.

"செரி, அம்மிணி."

"நம்புங்க மாமா. தட்டு நம்பர வேணா பாருங்க, எழுதியிருக்கறேன்."

"அன்னிக்கும் நம்பர் எழுதித்தான இருந்துச்சு" என்றார், மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல. "நீ சொன்னதைச் செஞ்சுட்ட. அது போதும்."

"இல்லீங் மாமா, நான் செய்யல! நீங்க சொன்னதை நான் செய்யல!"

கவிநயா வாசலில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு, "அண்ணா, வாண்ணா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவள் பின்னால் ஏறும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கிட்டே வரச்சொல்லி, அவளுக்குக் கேட்காமல் சொன்னார்.

"கல்யாணம் முடியட்டும். தலைதீபாவளி கழிச்சு நானே கூட்டிட்டு வர்றேன். அப்ப நெச விட்டில வுட்டுப் பாத்து எனக்கு மட்டும் சொல்லு."

"இப்பப் பாத்ததுதான் மாமா நெசம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.